இறுகிப்போன தோளும் பிடித்துக்கொண்ட இடுப்பும்

2021ஆம் வருடம் ஆயுத பூஜை நாள். காலையிலேயே மெஷின்களுக்குச் சந்தனம், குங்குமம் வைத்துப் பூசணிக்காய் உடைத்துவிடுவார்கள் என்பதால் ஒன்பது மணிக்கெல்லாம் பனியன் கம்பெனியில் இருக்க வேண்டும். முதல் நாள் சாயங்காலமே சத்தி மல்லிகை இரண்டு முழம் வாங்கி ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்தேன். கண்ணாடி முன்னால் நின்று பூவை எடுத்து இரண்டு கையையும் பின்னந்தலைக்குக் கொண்டுபோனேன். வலது கை போய்விட்டது. இடது கை காதுக்கு நேராக வந்து நின்றுவிட்டது. கொஞ்சம் எக்கிப் பார்த்தேன். தோளிலிருந்து முழங்கை வரைக்கும் சுரீரென்று ஒரு வலி. பூ தரையில் கிடந்தது. மகள் ஓடி வந்து எடுத்து வைத்துவிட்டாள். வைத்துக்கொண்டே, “எத்தனை நாளாம்மா இப்படி?” என்றாள்.

எண்ணிப் பார்த்தேன். ஐந்து மாதம் ஆகியிருந்தது. பின்னலை முன்பக்கம் இழுத்துப் போட்டுப் பின்னிக்கொள்ளப் பழகியிருந்தேன். உள்ளாடைக் கொக்கியை முன்பக்கம் மாட்டிவிட்டுத் திருப்பிக்கொள்வேன். டவுன் பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்காமல் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு மங்கலத்திலிருந்து திருப்பூர் வரைக்கும் நின்று வருவேன். கொடியில் துணி காயப்போடுவது மகளின் வேலையாகிவிட்டது. ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வந்ததால் எவ்வளவு விட்டுவிட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. ராத்திரி இடதுபக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாமல் இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்திருந்த நாட்களுக்குக் கணக்கில்லை.

இந்த ஐந்து மாதத்தில் வைத்தியமே பார்க்காமல் இல்லை. அத்தை பார்த்தவுடன், “வாயுதான் கண்ணு. உருளக்கெழங்கு, கொண்டக்கடலையெல்லாம் நிறுத்திப்போடு” என்றார். நிறுத்தினேன். கல்லுப்பை வாணலியில் வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தார். நொச்சித் தழையை வேகவைத்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டார். ஒத்தடத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். சூடு பட்டால் இறுகின தசை இளகும், அரைமணி நேரமாவது கண்ணயரலாம். இன்றைக்கும் எங்கள் வீட்டில் அந்த உப்பு மூட்டை இருக்கிறது. சர்க்கரை இருப்பவர்கள் மட்டும் சூட்டை முதலில் வேறு ஒருவர் கையில் வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும், தோலில் உணர்ச்சி குறைந்திருந்தால் வெந்துபோவதே தெரியாது. ஆனால் எனக்கு இருந்த கோளாறு ஒத்தடம் எட்டுகிற இடத்தில் இல்லை.

அப்புறம் மெடிக்கலில் “தோள் வலிக்கு ஒரு செட் குடுங்க” என்று வாங்கின மாத்திரைகள். காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள், பெயர் இருக்காது. போட்டால் ஆறு மணி நேரம் நன்றாக இருக்கும். அந்த ஆறு மணி நேரத்தை நம்பி ஐந்து மாதத்தைத் தொலைத்தேன்.

பூஜை முடிந்த வாரம் டாக்டரிடம் போனேன். இடது தோள் என்றதும் அவர் முதலில் ஈசிஜி எடுக்கச் சொன்னார். சரியாக இருந்தது. பிறகு என்னை உட்கார வைத்து, “நீங்க தூக்க வேண்டாம்மா, கையைத் தொங்கவிடுங்க, நான் தூக்கறேன்” என்று முழங்கையைப் பிடித்து மெல்லத் தூக்கினார். அவர் தூக்கியும் பாதியில் நின்றது. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து முன்கையை வெளிப்பக்கம் திருப்பினார். கொஞ்சம்கூடத் திரும்பவில்லை. அந்த இரண்டே சோதனையில் அவருக்குத் தெரிந்துவிட்டது. தசைநாண் கிழிந்திருந்தால் நம்மால் கையைத் தூக்க முடியாது, ஆனால் அடுத்தவர் தூக்கினால் பெரும்பாலும் வரும். அடுத்தவர் தூக்கியும் வரவில்லை என்றால் மூட்டே இறுகியிருக்கிறது. வீட்டில் யாருக்காவது தோள் வலி என்றால் இந்த வித்தியாசத்தைப் பார்த்துவிட்டுப் போனால் டாக்டரிடம் சொல்ல வசதியாக இருக்கும். இழுத்துப் பார்க்கக் கூடாது, மெல்லத் தாங்கித் தூக்கிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

தோள் மூட்டு ஒரு சின்னத் தட்டில் எலுமிச்சம்பழத்தை வைத்த மாதிரி. உடம்பிலேயே அதிகம் சுழலக்கூடிய மூட்டு அது. பழம் தட்டிலிருந்து உருண்டு விழாமல் நான்கு தசைகளின் நாண்கள் சுற்றிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அதற்கும் உள்ளே மூட்டைச் சுற்றி ஒரு மெல்லிய பை. அந்தப் பை தடித்துச் சுருங்கிவிடுவதுதான் எனக்கு வந்தது. 1934இல் காட்மன் என்ற அமெரிக்க மருத்துவர் இதற்கு ‘ப்ரோசன் ஷோல்டர்’ என்று பெயர் வைத்தார், உறைந்த தோள். ஜப்பானில் இதை ‘ஐம்பது வயதுத் தோள்’ என்றே சொல்கிறார்கள். 40 வயதிலிருந்து 60க்குள் வரும், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். சர்க்கரை இருப்பவர்களுக்கு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். தைராய்டு கோளாறு இருப்பவர்களுக்கும் வரும்.

“சுகர் பார்த்திருக்கீங்களா?” என்றார். பார்த்ததே இல்லை. மூன்று மாதச் சராசரி பார்க்கிற டெஸ்ட் எடுத்தார்கள், 9.4. என் தோள்தான் எனக்குச் சர்க்கரை இருப்பதைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. நான் உருளைக்கிழங்கை நிறுத்திவிட்டு மூன்று வேளையும் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நாற்பதைத் தாண்டின யாருக்காவது காரணமே இல்லாமல் தோள் இறுகினால், வேறு எதற்கும் முன்னால் ஒரு சர்க்கரை டெஸ்ட் எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

பிசியோதெரபிஸ்ட் ஒரு சின்னப் பெண். பெருந்துறைப் பக்கம். முதல் நாளே தெளிவாகச் சொன்னாள்: “அக்கா, இது மூணு கட்டமா போகும். முதல்ல வலி, அப்புறம் இறுக்கம், அப்புறமா தானா இளகும். ஒரு வருசமும் ஆகலாம், ரெண்டு வருசமும் ஆகலாம். நாம செய்யறது அதை அவசரப்படுத்தறது இல்லீங்க. இருக்கற அசைவை விட்டுறாம பிடிச்சு வெச்சுக்கறதுதான்.” வலிக்கு பத்து மார்க் என்று வைத்துக்கொள்ளச் சொன்னாள். மூன்று வரைக்கும் போகலாம், ஐந்தைத் தொட்டால் நிறுத்திவிட வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தால் பை இன்னும் கோபப்பட்டுச் சுருங்கும் என்பது அவள் கட்சி. நான் போன முதல் வாரம் பக்கத்துக் கட்டிலில் ஒரு அம்மா, வேறு எங்கோ யாரோ கையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துவிட்டதில் அழுதுகொண்டே வந்திருந்தார். சுளுக்கு எடுக்கிற இழுப்பு இந்தத் தோளுக்கு ஆகவே ஆகாது.

பயிற்சிகள் பார்த்தால் சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். மேசையில் வலது கையை ஊன்றிக் குனிந்து இடது கையைத் தொங்கவிட்டு, உடம்பை ஆட்டினால் கை தானாக ஊஞ்சல் ஆடும். நாமாக ஆட்டக் கூடாது. மல்லாந்து படுத்து ஒட்டடைக் கம்பை இரண்டு கையாலும் பிடித்து, நல்ல கை நோவுக் கையைத் தள்ளிக்கொண்டு மேலே போக வேண்டும். துண்டை முதுகுக்குப் பின்னால் மேலும் கீழுமாகப் பிடித்து, முதுகு தேய்க்கிற மாதிரி மெல்ல மேலே இழுக்க வேண்டும். எனக்குப் பிடித்தது சுவர் ஏறுவது. சுவரைப் பார்த்து நின்று, விரல்களை எறும்பு மாதிரி ஒவ்வொன்றாக மேலே நகர்த்த வேண்டும். நின்ற இடத்தில் ஒரு மூச்சு, பிறகு அதே மாதிரி இறங்க வேண்டும். கையைச் சட்டென்று விட்டால் தோள் அலறும்.

எங்கள் வீட்டு நடையில் சுவிட்ச்போர்டு பக்கத்துச் சுவரில்தான் ஏறினேன். மகள் பென்சிலை எடுத்து வந்து விரல் எட்டின இடத்தில் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதினாள். முதல் கோடு சுவிட்ச்போர்டின் மேல்விளிம்புக்கு நேராக. அதற்கு மேலே இரண்டு அடி தாண்டித் தினசரிக் காலண்டர் ஆணி. “காலண்டர் கிழிக்கற வரைக்கும் ஏறணும்மா” என்றாள். முதல் மூன்று வாரம் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து ஒரே தடித்த கோடாகிவிட்டன. ஒரு நாள் கீழேகூட இறங்கிற்று. நான்காவது வாரம் ஒரு நகத்தின் அகலம் மேலே போனது. அந்த நக அகலத்துக்கு நான் அழுதேன்.

ஜனவரியில் மூட்டுக்குள் ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். ராத்திரி வலி கிட்டத்தட்டப் போய்விட்டது, தூங்கினேன், தூங்கினதால் பயிற்சி நன்றாகச் செய்ய முடிந்தது. ஆனால் நான்கு நாள் சர்க்கரை 300ஐத் தாண்டி நின்றது. டாக்டர் முன்னாலேயே சொல்லி வைத்திருந்ததால் பயப்படவில்லை. சர்க்கரை இருப்பவர்கள் கேட்டுக்கொள்ளாமல் இந்த ஊசி போட்டுக்கொள்ளக் கூடாது. பிசியோதெரபிக்கு அப்போது ஒரு தடவைக்கு 250 ரூபாய், வாரம் மூன்று தடவை. இரண்டு மாதத்துக்கு மேல் எங்களால் முடியவில்லை. அதன்பின் பழகினதை வீட்டிலேயே செய்தேன். அரசு மருத்துவமனையில் பிசியோதெரபி இலவசம் என்பதும், 2021 ஆகஸ்டில் தொடங்கின ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டத்தில் நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்கிறார்கள் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அடுத்த ஆடியில் வீட்டுக்காரருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. சோமனூர், பல்லடம், மங்கலம் சுற்றுவட்டாரத்தில் வீட்டுக்கு வீடு விசைத்தறிதானே. எங்களுக்கும் கூலித்தறி ஆறு ஓடுகிறது. பாவு தீர்ந்து புதுப் பாவு ஏற்றுகிற நாள். பாவு நூல் சுற்றின உருளையைப் பீம் என்போம், அதைத் தூக்க வழக்கமாக இரண்டு ஆள் வேண்டும். ஆள் வர நேரமானதால் ஒரு முனையைத் தூக்கிக் கொஞ்சம் நகர்த்திவைக்கலாம் என்று குனிந்திருக்கிறார். குனிந்தபடியே திரும்பியிருக்கிறார். இடுப்புக்கு ஆகாத இரண்டு காரியம் அது, குனிவதும் திரும்புவதும் ஒரே நேரத்தில், கையில் பாரத்தோடு. நான் போய்ப் பார்க்கும்போது தறியைப் பிடித்துக்கொண்டு வில் மாதிரி நின்றார். “ஏனுங்க, என்னாச்சு?” என்றால் பேச்சு வரவில்லை. வேர்த்து ஊற்றிற்று.

காலில் பிறந்தவர், அதாவது பிறக்கும்போது கால் முதலில் வெளியே வந்தவர், ஒருவர் வந்து முதுகை மிதித்தால் போகும் என்று சொல்லி அடுத்த வீதியிலிருந்து ஒரு பையனைக் கூட்டிவந்தார்கள். நான் வேண்டாம் என்று நின்றுவிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போனோம், ஸ்கேன் எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் இடுப்பின் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கிற டிஸ்க் புடைத்திருக்கிறது, தேய்ந்திருக்கிறது என்று இருந்தது. வெளியே வந்து சொன்னதும் ஊரெல்லாம் அது “ஜவ்வு விலகிடுச்சாம்” என்று ஆயிற்று. அந்த ஒரு வார்த்தை அவரைப் படுக்கையில் போட்டுவிட்டது. விலகினது மறுபடி விலகிவிடுமோ என்று பயந்து பெல்ட்டைக் கட்டிக்கொண்டு இருபது நாள் படுத்திருந்தார். கட்டிலிலிருந்து எழக்கூட என் தோளைப் பிடித்தார், அதுவும் நோவாத தோளை.

நான் மட்டும் அந்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு அந்தப் பிசியோதெரபிப் பெண்ணிடம் போனேன். அவள் சொன்னதையும் அதன்பின் நானே தேடிப் படித்ததையும் இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் இந்தப் பதிவையே எழுத உட்கார்ந்தேன்.

வலியே இல்லாத ஆட்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகள் 33ஐச் சேர்த்து 2015இல் ஒரு தொகுப்பு வெளியிட்டார்கள். மொத்தம் 3,110 பேர். இடுப்பு வலி இல்லாத அவர்களில் இருபது வயதுக்காரர்களிலேயே 100க்கு 37 பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது. எண்பது வயதில் 96 பேருக்கு. புடைப்பு மட்டும் எடுத்துக்கொண்டால் இருபது வயதில் 30 பேர், எண்பதில் 84 பேர். அதாவது தலை நரைப்பதும் முகம் சுருங்குவதும் மாதிரி இதுவும் ஒன்று. ரிப்போர்ட்டில் இருப்பதுதான் வலிக்குக் காரணம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது. சாதாரண இடுப்புப் பிடிப்பில் பத்துக்கு ஒன்பது பேருக்கு இதுதான் காரணம் என்று ஒரு இடத்தைக் காட்டவே முடியாது. பெரும்பாலும் சில வாரங்களில் தானாக அடங்கும். டிஸ்க் உண்மையிலேயே பிதுங்கி, நரம்பை அழுத்தி, வலி புட்டத்திலிருந்து முழங்காலுக்குக் கீழே பாதம் வரைக்கும் இழுத்தாலும்கூட, பிதுங்கின பாகத்தை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்வது நிறையப் பேருக்கு நடக்கிறது.

படுத்திருப்பதைப் பற்றியும் படித்தேன். 1995இல் பின்லாந்தில் ஹெல்சின்கி நகராட்சி ஊழியர்களில் இடுப்பு பிடித்தவர்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு இரண்டு நாள் படுக்கை, ஒரு கூட்டத்துக்குப் பயிற்சி, மூன்றாவது கூட்டத்துக்கு வலி இடம் கொடுக்கிற அளவுக்கு வழக்கமான வேலையைச் செய்யச் சொல்லிவிட்டார்கள். சீக்கிரம் தேறினது மூன்றாவது கூட்டம். இரண்டே நாள் படுத்தவர்கள்தான் பின்தங்கினார்கள், எங்கள் வீட்டில் இருபது நாள். 2023இல் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட இடுப்பு வலிக்கு வெளியிட்ட வழிகாட்டியில், வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று சொன்னவற்றில் பெல்ட்டும் இழுவை வைத்தியமும் இருக்கின்றன. செய்யலாம் என்று சொன்னவற்றில் பயிற்சி, உருவிவிடுதல், வலியைப் பற்றிச் சரியாக விளக்கிச் சொல்லுதல் எல்லாம் இருக்கின்றன. விளக்கிச் சொல்வதே ஒரு வைத்தியம் என்று அவர்கள் எழுதியிருப்பதைப் படித்தபோது, “ஜவ்வு விலகிடுச்சு” என்ற வார்த்தை என் வீட்டில் செய்த வேலை ஞாபகம் வந்தது.

அசைந்தால் ஏன் நல்லது என்பதற்கு நம் கோயமுத்தூரிலேயே பதில் இருக்கிறது. டிஸ்க்குக்குப் பெரியவர்களான பின் உள்ளே ரத்தக்குழாய் கிடையாது. மேலேயும் கீழேயும் இருக்கிற எலும்பிலிருந்து சத்து ஊறித்தான் உள்ளே போக வேண்டும். கங்கா மருத்துவமனையின் எஸ். ராஜசேகரன் குழு, ஊசி மருந்து செலுத்தி ஒரு நாள் முழுக்க மறுபடி மறுபடி ஸ்கேன் எடுத்து, அது எப்படி ஊறிப் போகிறது என்று பார்த்தது. டிஸ்க்கின் நடுப்பகுதிக்குப் போய்ச் சேர மணிக்கணக்காகிறது. 2004இல் அந்த ஆய்வுக்கு உலக அளவில் பரிசு கிடைத்தது. பாரம் ஏறி இறங்கும்போது டிஸ்க் பஞ்சு மாதிரி பிழிந்து உறிஞ்சிக்கொள்கிறது. நடந்தால் அது நடக்கும், கட்டிலில் கிடந்தால் நடக்காது. இதை நான் வீட்டுக்காரரிடம் ஈரத்துணியைப் பிழிந்து காட்டித்தான் சொன்னேன். “நிசமாலுமா?” என்றார். மறுநாள் காலையில் வாசலிலிருந்து வேப்பமரம் வரைக்கும் போய் வந்தார். ஒரு வாரத்தில் குளத்துக்கரை. பதினைந்தாவது நாள் பெல்ட்டைக் கழற்றிப் பரணில் போட்டார்.

இன்னொன்றும் படித்துத் தெரிந்துகொண்டேன். ராத்திரி படுத்திருக்கும்போது டிஸ்க் தண்ணீரை இழுத்து, ஊறவைத்த உளுந்து மாதிரி உப்பிக்கொள்ளும். காலையில் நாம் சாயங்காலத்தைவிட ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் உயரமாக இருப்பது அதனால்தான். உப்பி இறுக்கமாக இருக்கிற அந்த முதல் ஒரு மணி நேரத்தில் குனிந்தால் டிஸ்க்குக்குச் சிரமம் அதிகம். நம் வீட்டுப் பெண்கள் அந்த நேரத்தில்தான் எழுந்தவுடனே குட்டைச் சீமாறை எடுத்துக் குனிந்து வாசல் கூட்டி, சாணி தெளித்து, இடுப்பை ஒடித்துக் கோலம் போடுகிறோம். நான் இப்போது எழுந்ததும் பால் காய்ச்சி, பாத்திரத்தை எடுத்து வைத்து, அரைமணி நேரம் நின்றும் நடந்தும் இருந்துவிட்டுத்தான் வாசலுக்குப் போகிறேன். சீமாறுக்கு நீளமான கம்பு கட்டியாகிவிட்டது. கோலம் குந்தி உட்கார்ந்து போடுகிறேன்.

“ஆட்டாங்கல்லுல ஆட்டுனோம், கெணத்துல தண்ணி எறச்சோம், எங்களுக்கெல்லாம் வலியா இருந்துச்சு?” என்று அத்தை அடிக்கடி கேட்பார். அவர் முதுகு இன்றைக்குக் கூன் விழுந்து கிடக்கிறது. மாதவிடாய் நின்றபின் எலும்பு மெலிந்து, முதுகெலும்பில் ஒன்று கேட்பாரற்று நசுங்கியிருக்கிறது. எப்போது நசுங்கிற்று என்றுகூடத் தெரியவில்லை. ஒரு வருடம் கார்த்திகை தீபத்துக்கு நடுமுதுகு வலி என்று பத்து நாள் சுருண்டு கிடந்தாரே, அப்போதுதான் இருக்கும். அவர் தலைமுறைக்கும் வலி இருந்தது, கேட்கத்தான் யாரும் இல்லை.

இனிக் கம்பெனி. நான் இப்போது கணக்குப் பார்க்கிறேன், அதற்கு முன்னால் வேறொரு இடத்தில் ஒன்பது வருடம் செக்கிங். நின்றுகொண்டே பனியனை விரித்துப் பார்த்துப் பிசிறு வெட்டிப் போட வேண்டும். உட்கார ஒரு ஸ்டூல் கேட்டதற்கு, “உக்காந்தா கை ஓடாது” என்றார் சூப்பர்வைசர். ஒன்றரை ஷிப்ட் என்றால் பன்னிரண்டு மணி நேரம். கடைசி நான்கு மணி நேரம் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நிற்போம். நின்று வேலை செய்கிறவர்களுக்கு இடையில் உட்கார வசதி செய்துதர வேண்டும் என்று 1948ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டமே சொல்லியிருந்தது. கடைகளில் வேலை செய்பவர்களுக்கும் உட்காரும் உரிமை வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தினார்கள். ஜவுளிக்கடையில் காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் நின்று சேலை விரித்துக் காட்டுகிற பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

டெய்லர்களின் பாடு வேறு. பவர் டேபிள், அதாவது மோட்டாரில் ஓடுகிற தையல் மெஷின் முன்னால் முதுகுச் சாய்மானம் இல்லாத ஸ்டூலில் உட்கார்ந்து, ஊசி இறங்குகிற இடத்தைப் பார்க்கக் கழுத்தை வளைத்து, ஒரு காலைப் பெடலில் அழுத்தியபடி இருப்பார்கள். நம் தலை நாலரை, ஐந்து கிலோ. நிமிர்ந்திருந்தால் முதுகெலும்பு தாங்கிக்கொள்ளும். முன்னால் சாய்ந்துவிட்டால் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இருக்கிற தசைதான் அதை நாள் முழுக்க இழுத்துப் பிடிக்க வேண்டும். டேபிள் உயரமாக இருந்தால் தோளையும் காதுப் பக்கம் தூக்கியே வைத்திருப்பார்கள். துணி ஓரம் பிரியாமல் ஓவர்லாக் அடிக்கிறவர்களைப் பின்னால் நின்று பார்த்தால் தெரியும், சாயங்காலம் நான்கு மணிக்கு எல்லோர் தோளும் ஓர் அங்குலம் ஏறியிருக்கும். அந்தத் தசையை அமுக்கினால் கூழாங்கல் மாதிரி இருக்கும். வலி தோளில்தான் தெரியும், மூலமோ கழுத்து நிற்கிற நிலையில் இருக்கும். பாரம் தூக்கினால் மட்டும்தான் வலி வரும் என்று நினைக்கிறோம். அசையாமல் பிடித்துக்கொண்டே இருப்பதும் அதே அளவுக்கு உடம்பைத் தின்னும்.

இப்போது இருக்கிற முதலாளியிடம் பேசிச் சில காரியம் செய்திருக்கிறோம். கட்டிங் வேஸ்ட்டைத் திணித்து ஸ்டூலுக்கு மெத்தை தைத்தோம். குட்டையான பெண்களுக்கு ஸ்டூலை ஏற்றி, காலுக்குப் பலகை போட்டோம். ஊசி பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு, வெளிச்சம் இருந்தால் கழுத்து அவ்வளவு வளையாது. செக்கிங் மேசைக்குக் கீழே துணி சுற்றின செங்கல், ஒரு காலை அதன்மேல் வைத்து மாற்றி மாற்றி நிற்பதற்கு. கைமடி, அதாவது டெய்லருக்கு உதவி வேலைக்கு இருக்கிற சின்னப் பெண்கள் கட்டு தூக்கும்போது பாதிக் கட்டாகப் பிரித்துத்தான் தூக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அரைமணிக்கு ஒரு தடவை முப்பது நொடி எழுந்து நின்று தோளைப் பின்பக்கம் சுழற்றினால் போதும். பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவர்கள் அந்த முப்பது நொடியையும் காசாகப் பார்க்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கக்கூசுக்கு எழுந்தால் கணக்குக் குறையும் என்று தண்ணீர் குடிக்காமல் இருக்கிறவர்களைப் பார்க்கும்போது மட்டும் சண்டை போடுவேன். நம் ஊர் வெயிலுக்கு அது சிறுநீரகக் கல்லில்தான் கொண்டுபோய் விடும். விலாவில் தொடங்கி அடிவயிற்றுக்கு இறங்குகிற அந்த வலியையும் முதுகுப் பிடிப்பு என்று நினைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பார்கள்.

தண்ணீர் குடிக்காத உடம்பில் வலிக்குப் போடுகிற டைக்ளோபினாக் மாத்திரை விழுந்தால் இன்னும் கெடுதல். இந்த மருந்து போட்ட மாடு செத்து, அதைத் தின்ற கழுகுகள், அதாவது பிணந்தின்னிக் கழுகுகள், சிறுநீரகம் செயலிழந்து கூட்டம் கூட்டமாக அழிந்துபோனதால்தான் 2006இல் மாடுகளுக்கு இதைக் கொடுக்கத் தடை வந்தது. மிஞ்சியிருக்கிற கழுகுகள் சில சத்தியமங்கலத்துக்கு மேலே மாயாறு பள்ளத்தாக்கில் இன்றும் இருக்கின்றன. மனிதர்களுக்கு அளவாக, டாக்டர் சொன்ன நாளுக்கு மட்டும், சாப்பிட்ட பிறகு என்றால் நல்ல மருந்துதான். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, அல்சர் இருப்பவர்கள் மாதக்கணக்கில் தாமாக வாங்கிப் போடுவதைத்தான் சொல்கிறேன். நானும் பெயர் தெரியாத வலி மாத்திரையை அப்படித்தான் போட்டேன். எனக்குச் சிறுநீரகம் தப்பித்தது.

அசைந்தால் சரியாகும் என்று நான் சொல்லிக்கொண்டே போவதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. எங்கள் வீதியில் ஒருவர் ஐந்து மாதம் நடுமுதுகு வலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல், எடை ஏழு கிலோ குறைந்திருந்தது. கடைசியில் அது முதுகெலும்பில் காசநோய். மருந்து அரசாங்கத்தில் இலவசம்தான், ஒரு வருடத்துக்கு மேல் சாப்பிட்டுத் தேறினார். காய்ச்சல், எடை குறைவு, ராத்திரி படுத்தாலும் குறையாத வலி, முன்னால் புற்றுநோய் வந்தவர்களுக்கு வருகிற முதுகு வலி, விழுந்து அடிபட்டபின் வருகிற வலி, இவையெல்லாம் பயிற்சி செய்து பார்க்கிற விஷயம் இல்லை. சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமல் போனாலோ, சைக்கிள் சீட்டில் படுகிற இடம் மரத்துப்போனாலோ, பாதம் தொங்கிச் செருப்பு நழுவினாலோ அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், விடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. மாடி ஏறும்போது மட்டும் இடது தோள் அழுத்தி, நின்றால் விடுகிறது என்றால் அது தோள் வலியாக இல்லாமல் இதயக் கோளாறாக இருக்கலாம். எனக்கு ஈசிஜி எடுத்த டாக்டரை அதனால்தான் இன்னும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

2023 சித்திரையில் என் விரல் காலண்டர் ஆணியைத் தொட்டது. முதல் கோட்டிலிருந்து கிட்டத்தட்ட ஒன்றரை வருடம். அடுத்த பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அந்தக் கோடுகளும் போய்விட்டன. கை இப்போது பின்பக்கம் முழுவதும் போகாது, வலது கையைவிட நான்கு விரல்கடை குறைவு. பூ வைக்க எட்டுகிறது. காலையில் பத்து நிமிடம் சுவர் ஏறுவதை நிறுத்தவில்லை, ஏனென்றால் சர்க்கரை இருப்பவர்களுக்கு அடுத்த தோளிலும் வரலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

வீட்டுக்காரருக்கு வருடத்துக்கு ஒரு தடவையாவது பிடித்துக்கொள்கிறது. போன மார்கழியில் வந்தபோது மதியம் வரைக்கும் முழங்காலை மடக்கி மல்லாந்து படுத்திருந்தார். நான் உப்பு மூட்டையை வறுத்துக் கொடுத்தேன். மூன்று மணிக்கு எழுந்து, சுவரைப் பிடித்தபடி வேப்பமரம் வரைக்கும் போய், திரும்பி வந்து, “கொஞ்சம் தேவுல” என்றார். நாலாம் நாள் பாவு ஏற்ற வேண்டியிருந்தது. ஆள் வரும் வரைக்கும் பீம் பக்கமே போகாமல், வெளித்திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.